வேலூர் வானில் விண்வெளிக் குப்பையைத் தேடுதல்: அகச்சிவப்பு உணரிகளைக் கொண்டு ஒரு செய்முறை வழிகாட்டி

செயலிழந்த செயற்கைக்கோள்கள், எரிபொருள் தீர்ந்த ராக்கெட் நிலைகள், வெடிப்பாலும் மோதலாலும் சிதறிய துண்டுகள் ஆகியவற்றைச் சேர்த்தே விண்வெளிக் குப்பை என்கிறோம். 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரையுள்ள துண்டுகள் மட்டும் 10 லட்சத்துக்கு மேல் பூமியைச் சுற்றுவதாக ஐரோப்பிய விண்வெளி முகமை மதிப்பிடுகிறது. 2007 ஜனவரியில் சீனா தன் ஃபெங்யுன்-1சி வானிலைச் செயற்கைக்கோளை ஏவுகணையால் தகர்த்ததும், 2009 பிப்ரவரி 10 அன்று இரிடியம்-33, காஸ்மாஸ்-2251 ஆகிய இரண்டும் ஏறத்தாழ 790 கி.மீ. உயரத்தில் மோதிக்கொண்டதும் இந்தத் தொகையைப் பெருக்கிய பெரிய நிகழ்வுகள். இதில் நமக்கும் பங்கு உண்டு. 2001 அக்டோபரில் ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி.-சி3 ராக்கெட்டின் நான்காம் நிலை அதே ஆண்டு டிசம்பரில் வெடித்து, பட்டியலிடப்பட்ட துண்டுகளே 300-க்கு மேல் என்னும் அளவுக்குச் சிதறியது.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பழைய வடார்க்காட்டுப் பகுதியில் இருந்துகொண்டு, அகச்சிவப்புக் கதிர்களின் உதவியோடு இக்குப்பையில் எதைக் காண முடியும், எப்படிக் காண்பது என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது. எதைக் காண முடியாது என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திவிட்டால் வீண்செலவு மிச்சமாகும் என்பதால், கருவிகளுக்கு முன் சிறிது இயற்பியலைப் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டு வகை ஒளி

சுற்றுப்பாதையில் உள்ள ஒரு துண்டு இரண்டு வகையில் ஒளி தருகிறது. ஒன்று, அது எதிரொளிக்கும் சூரிய ஒளி. மற்றொன்று, சூரிய ஒளியை உட்கொண்டு சூடேறிய பின் அதுவே உமிழும் வெப்பக் கதிர். தாழ்ந்த சுற்றுப்பாதைத் துண்டுகளின் வெப்பநிலை, வெயில் படும்போது பொதுவாக 280 முதல் 300 கெல்வின் (ஏறத்தாழ 7 முதல் 27 டிகிரி செல்சியஸ்) அளவில் இருக்கும். அந்த வெப்பநிலையில் உமிழ்வு 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி உச்சம் பெறுகிறது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பின் எல்லையான 0.7 மைக்ரோமீட்டரிலிருந்து ஏறத்தாழ 2.5 மைக்ரோமீட்டர் வரை உள்ள அண்மை அகச்சிவப்பில் நாம் பெறுவது பெரும்பாலும் எதிரொளித்த வெயில்தான். 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையுள்ள வெப்ப அகச்சிவப்பில் பெறுவதோ துண்டின் சொந்த உமிழ்வு.

இந்த வேறுபாட்டின் பயனை ஓர் எளிய கணக்கு காட்டும். வெயிலில் 10 சதவீதத்தை எதிரொளிக்கும் கருத்த துண்டு ஒன்று 4 சதுர மீட்டர் பரப்பும், 40 சதவீதத்தை எதிரொளிக்கும் வெளிறிய துண்டு ஒன்று 1 சதுர மீட்டர் பரப்பும் கொண்டிருப்பதாகக் கொள்வோம். சாதாரணத் தொலைநோக்கியில் இரண்டும் ஒரே பிரகாசத்துடன் தோன்றும். பார்ப்பவர் இரண்டையும் ஒரே அளவு என்றே எண்ணுவார். ஆனால் முதல் துண்டு உட்கொள்ளும் வெப்பம் 3.6 பங்கு, இரண்டாவது உட்கொள்வது 0.6 பங்கு. உட்கொண்டதை உமிழ்ந்தாக வேண்டும் ஆதலால், வெப்ப அகச்சிவப்பில் முதல் துண்டு ஆறு மடங்கு பிரகாசமாகத் தெரியும். கண்ணுறு ஒளி அளவையும் வெப்ப அளவையும் சேர்த்துப் பார்ப்பவருக்கே துண்டின் உண்மையான அளவு பிடிபடும். பூமியின் நிழலுக்குள் சென்ற துண்டும் வெப்பக் கதிரில் தொடர்ந்து தெரியும் என்பது இன்னொரு நன்மை.

வெப்பக் கேமரா இங்கே ஏன் உதவாது

இதைப் படித்தவுடன் வெப்பக் கேமரா ஒன்றை வாங்கிவிடலாம் என்று தோன்றக்கூடும். வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. 800 கி.மீ. உயரத்தில் 1 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு துண்டு 300 கெல்வினில் உமிழ்வதில், 5 செ.மீ. விட்டமுள்ள லென்ஸின் மேல் விழுவது, ஒரு வாட்டை ஐந்து லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. குளிர்விக்கப்படாத கேமராவின் அதே பிக்சலில் சூடான லென்ஸ், கேமராவின் உட்புறம், ஈரக்காற்று ஆகியவை விழச் செய்யும் வெப்பம் இதைப் போலப் பல ஆயிரம் மடங்கு. பட்டப்பகலில் மின்மினியைத் தேடுவதற்கு ஒப்பான வேலை இது. அதோடு, சாதாரணக் கண்ணாடி 8 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட கதிரை விடாது. கையிலுள்ள லென்ஸ் தொலைநோக்கியின் பின்னால் வெப்பக் கேமராவைப் பொருத்தினால் தொலைநோக்கிக் கண்ணாடியின் வெப்பத்தைத்தான் அது காட்டும்.

இந்தச் சிக்கல் பெரிய கருவிகளுக்கும் உண்டு. ஆலங்காயத்துக்கு அருகே ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. ஆயினும் அந்த இடத்தின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர்தான். நீராவி நிறைந்த கீழ்வளிமண்டலம் அதற்கு மேலேயே பெருமளவு கிடக்கிறது. எனவேதான் இந்திய வானியற்பியல் நிறுவனம் அகச்சிவப்பு ஆய்வுக்காக லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஹான்லேவுக்குச் சென்றது. குப்பைகளை அகச்சிவப்பில் அளக்க நாசா பயன்படுத்திய 3.8 மீட்டர் தொலைநோக்கி ஹவாயின் மௌனா கியா உச்சியில், 4,200 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் நிற்கிறது. வளிமண்டலத்தை முழுவதும் தவிர்க்க வேண்டுமானால் விண்வெளிக்கே செல்ல வேண்டும். 1983-இல் 900 கி.மீ. உயரத்தில் திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்டு இயங்கிய ஐராஸ் செயற்கைக்கோள், விண்மீன்களைத் தேடும் வேலைக்கிடையே குறுக்கே கடந்த குப்பைகளையும் பதிவு செய்தது.

ஆகவே வேலூரில் நாம் கையாளத்தக்கது அண்மை அகச்சிவப்பு மட்டுமே. அதிலும் சாதாரணக் கேமராக்களில் உள்ள சிலிக்கான் உணரி உணரக்கூடிய 1.1 மைக்ரோமீட்டர் எல்லைக்குள் தொடங்குவதே அறிவுடைமை. 0.9 முதல் 1.7 மைக்ரோமீட்டர் வரை உணரும் இண்டியம் காலியம் ஆர்சனைடு உணரிகள் மேலும் சிறந்தவை; ஆனால் அவற்றின் விலை கல்லூரித் துறை ஒன்றின் ஆண்டுச் செலவையே விழுங்கக்கூடியது. சிலிக்கானில் முறைகளைப் பழகாதவருக்கு அவை உதவப்போவதும் இல்லை.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

அகச்சிவப்புத் தடுப்பு வடிகட்டி இல்லாத கருப்பு-வெள்ளை சிமாஸ் (CMOS என்னும் உணரி வகை) கேமரா ஒன்று வேண்டும். கண்காணிப்புக் கேமராக்களுக்காக உருவாக்கப்பட்டு, இப்போது வானியல் கேமராக்களிலும் பரவலாகக் கிடைக்கும் சோனி ஐ.எம்.எக்ஸ்.462 போன்ற உணரிகள் 850 நானோமீட்டரை ஒட்டிய பகுதியில் நல்ல உணர்திறன் கொண்டவை. அதன் பிக்சல் 2.9 மைக்ரோமீட்டர்; 50 மி.மீ. லென்ஸுடன் இணைத்தால் ஒரு பிக்சல் வானில் 12 வில்நொடியை (ஒரு வில்நொடி என்பது ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கு) அடக்கும், காட்சிப் பரப்பு ஏறத்தாழ 6.4 பாகைக்கு 3.6 பாகை இருக்கும். இந்த எண்களைப் பின்னால் பயன்படுத்தப் போகிறோம்.

லென்ஸின் முன்னால் 850 நானோமீட்டருக்கு மேற்பட்டதை மட்டும் விடும் வடிகட்டியைப் பொருத்த வேண்டும். 940 நானோமீட்டர் வடிகட்டி விலை மலிவாகக் கிடைத்தாலும் அதைத் தவிர்க்கவும்: அந்த அலைநீளத்தில் நீராவி கதிரை உறிஞ்சுகிறது, வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய நம் ஊர்க் காற்றில் நீராவிக்குப் பஞ்சம் இல்லை. குவியத்தை வடிகட்டியோடு சேர்த்தே சரிசெய்ய வேண்டும். வடிகட்டி இல்லாமல் கூர்மையாகக் குவித்துவிட்டுப் பிறகு அதைப் பொருத்தினால் விண்மீன்கள் உப்பிப்போகும், ஏனெனில் பெரும்பாலான லென்ஸ்கள் அகச்சிவப்பை வேறு தொலைவில் குவிக்கின்றன.

இந்த வடிகட்டியால் இரண்டு ஆதாயங்கள் உண்டு. வானத்தின் நீல ஒளிச்சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், 850 நானோமீட்டரில் அந்தி வானம் 450 நானோமீட்டரில் உள்ளதைவிடப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் இருண்டிருக்கும். அடுத்தது தெருவிளக்கு. வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் 800 நானோமீட்டருக்கு மேல் ஏறக்குறைய எதையும் உமிழ்வதில்லை. ஆகவே பழைய சோடியம் விளக்குகள் எல்.இ.டி.க்கு மாறிவிட்ட தெருக்களில், நகரத்தின் ஒளிமாசில் பெரும்பகுதியை இவ்வடிகட்டி வெட்டிவிடும். ஆனால் ஓர் எச்சரிக்கை: இரவில் பார்க்கும் சி.சி.டி.வி. கேமராக்களைச் சுற்றியுள்ள சிறு விளக்குகள் பலவும் இதே 850 நானோமீட்டரில்தான் எரிகின்றன. கண்ணுக்கு இருட்டாகத் தெரியும் மொட்டை மாடி, எதிர்வீட்டுக் கேமராவின் ஒளியில் நம் உணரிக்குப் பளிச்சென்று இருக்கக்கூடும். எனவே கருவியை நிறுத்துமுன் கேமராவைச் சுற்றுமுற்றும் திருப்பி ஒரு படம் எடுத்துப் பார்ப்பது அவசியம்.

இடமும் காலமும்

பெங்களூரு நெடுஞ்சாலையின் புழுதியும் ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையின் புகையும் அடிவானத்தைக் கலங்கடிக்கின்றன. 30 பாகைக்குக் கீழே பார்ப்பதில் பயனில்லை. ஏலகிரியும் ஜவ்வாது மலையும் இதைவிட நல்ல இடங்கள். மலையில் காப்புக்காட்டுக்குள் இரவு தங்க வனத்துறையின் அனுமதி வேண்டும்; காவலூர்ச் சுற்றுப்புறத்தில் வண்டி விளக்கையோ டார்ச்சையோ வானாய்வகத்தை நோக்கி அடிப்பதைத் தவிர்க்க வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களே உகந்தவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை இடிமழையும் அதன் பின்னர் வடகிழக்குப் பருவமழையும் தொடர்ந்து குறுக்கிடும்.

தாழ்ந்த சுற்றுப்பாதைத் துண்டுகளைப் பார்க்க, நாம் இருட்டிலும் துண்டு வெயிலிலும் இருக்க வேண்டும். 800 கி.மீ. உயரத்தில் தலைக்கு நேர் மேலே இருக்கும் ஒரு துண்டு, சூரியன் அடிவானத்துக்கு 27 பாகை கீழே சென்ற பின்பே நிழலுக்குள் நுழைகிறது. வேலூரின் அட்சம் ஏறக்குறைய 13 பாகை என்பதால் சூரியன் கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்குகிறது. அந்த 27 பாகையைக் கடக்க மறைவிலிருந்து 1 மணி 50 நிமிடம் ஆகும். வானம் முழுதும் இருள்வதற்கோ 1 மணி 15 நிமிடம் ஆகிவிடும். ஆக, வடிகட்டி இல்லாதவருக்கு எஞ்சுவது தலைக்கு மேல் சுமார் 35 நிமிடம். வடிகட்டி பொருத்தியவர் பெரிய ராக்கெட் நிலைகளுக்காகச் சூரியன் மறைந்து அரை மணி நேரத்திலேயே தொடங்கலாம். நம்மைப் போன்ற தாழ் அட்சத்தில் வாழ்பவர்களுக்கு அண்மை அகச்சிவப்பு தரும் மிகப் பெரிய உதவி இதுவே. விடியலிலும் இதே கணக்கு தலைகீழாகப் பொருந்தும்.

முதற்பயிற்சி: புவிநிலைப் பாதை

வேகமாக ஓடும் துண்டுகளை முதலில் தேடாமல், 35,786 கி.மீ. உயரத்தில், பூமி சுழலும் அதே கால அளவில் சுற்றுவதால் நிலையாகத் தோன்றும் புவிநிலைச் செயற்கைக்கோள்களில் தொடங்குவது நலம். வேலூரிலிருந்து பார்க்கும்போது அந்தப் பாதை வான நடுவரைக்கு (பூமியின் நடுவரைக்கு நேர் மேலே வானில் செல்லும் கற்பனைக் கோடு) 2.3 பாகை தெற்கே அமைந்த வளைவாகத் தெரியும். தெற்கு நோக்கினால் ஏறத்தாழ 75 பாகை உயரம். இன்சாட், ஜிசாட் கோள்கள் நிற்கும் 83 பாகை கிழக்குத் தீர்க்கரேகை நமக்கு உச்சியிலிருந்து அதிகம் விலகாமல், சற்றுக் கிழக்கே இருக்கிறது.

135 மி.மீ. லென்ஸுடன் கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, 10 நொடி எக்ஸ்போஷரில் (உணரி ஒளியைச் சேர்க்கும் நேரம்) தொடர்ந்து படம் எடுக்க வேண்டும். பூமியின் சுழற்சியால் விண்மீன்கள் ஒவ்வொன்றும் நொடிக்கு 15 வில்நொடி நகர்ந்து சுமார் 34 பிக்சல் நீளக் கோடாகும். நிலையான செயற்கைக்கோள் மட்டும் புள்ளியாக நிற்கும். கோடுகளுக்கிடையே புள்ளியைத் தேடுவது எளிது. புள்ளியும் அல்லாமல் விண்மீனின் திசையிலும் அல்லாமல் மெல்ல வடக்கிலோ தெற்கிலோ நகரும் சிறு கோடு கண்ணில் பட்டால், அது கட்டுப்பாடு இழந்து சாய்ந்த பாதையில் திரியும் பழைய செயற்கைக்கோளாக இருக்க வாய்ப்பு மிகுதி. கைவிடப்பட்ட இத்தகைய கோள்களின் சாய்வு, நிலவும் சூரியனும் இழுப்பதால் ஏறத்தாழ 53 ஆண்டுச் சுழற்சியில் 15 பாகை வரை ஏறி இறங்குகிறது.

வேகமான துண்டுகள்: எக்ஸ்போஷரும் நேரமும்

800 கி.மீ. உயரத்தில் ஒரு துண்டு நொடிக்கு 7.45 கி.மீ. வேகத்தில் செல்கிறது, உச்சியைக் கடக்கும்போது நொடிக்கு அரைப் பாகைக்குச் சற்று மேலாக ஓடும். நாம் தேர்ந்த 12 வில்நொடிப் பிக்சலை அது 6 மில்லிநொடியில் கடந்துவிடும். இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு பிறக்கிறது: எக்ஸ்போஷரை 6 மில்லிநொடியிலிருந்து 1 நொடிக்கு நீட்டினாலும் ஒரு பிக்சலில் விழும் துண்டின் ஒளி கூடுவதில்லை, வானப் பின்புலம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. புதியவர்கள் விண்மீன் படம் எடுக்கும் பழக்கத்தில் எக்ஸ்போஷரை நீட்டி, துண்டைத் தாமே மூழ்கடித்துவிடுகிறார்கள். 0.1 நொடி போதுமானது. கோடு 16 பிக்சல் நீளம் இருக்கும், திசையும் தெரியும்.

உணரியை விடவும் கடிகாரமே இங்கே முக்கியம் என்பேன். 0.1 நொடிப் பிழை துண்டின் இடத்தை 745 மீட்டர் தள்ளிவிடும். ஒரு பிக்சல் அந்தத் தொலைவில் 46 மீட்டரைக் குறிப்பதால், நேரம் 6 மில்லிநொடிக்குள் சரியாக இருந்தால்தான் படத்தின் துல்லியம் வீணாகாது. கைப்பேசி இணையம் வழியாகச் சரிசெய்த கணினிக் கடிகாரம் இதற்குப் போதாது. நொடிக்கொரு துடிப்பு தரும் ஜி.பி.எஸ். தொகுதியை வாங்கி, அத்துடிப்பால் ஓர் அகச்சிவப்பு எல்.இ.டி.யை லென்ஸின் ஓரத்தில் மின்னச் செய்தால், படத்திலேயே நேரமுத்திரை பதிந்துவிடும். சிமாஸ் உணரிகள் பலவும் வரிசை வரிசையாகப் படிப்பவை. மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் இடையே பல மில்லிநொடி வேறுபாடு உண்டு. கோடு எந்த வரிசையில் விழுந்தது என்பதைக் கொண்டு அதைத் திருத்த வேண்டும்.

பயிற்சிக்கு ஏற்ற இலக்குகள் சுமார் 840 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜெனித் ராக்கெட்டின் இரண்டாம் நிலைகள். ஒவ்வொன்றும் பத்து மீட்டருக்கு மேல் நீளமானது. செலஸ்டிராக் தளத்தில் கிடைக்கும் சுற்றுப்பாதைத் தரவை ஸ்டெல்லேரியம் என்னும் வான்வரைபட மென்பொருளில் ஏற்றினால் அன்றைய கடப்புகள் தெரிந்துவிடும். 50 மி.மீ. லென்ஸில் ராக்கெட் நிலைகளும் பெரிய செயற்கைக்கோள்களுமே அகப்படும், 10 செ.மீ. துண்டைப் பிடிக்க மீட்டர் அளவிலான தொலைநோக்கி வேண்டும்.

படத்திலிருந்து துண்டைப் பிரித்தெடுத்தல்

உணரியின் வெப்பநிலை 6 அல்லது 7 பாகை கூடும்போதெல்லாம் இருளோட்டம் (ஒளியே படாதபோதும் உணரியில் பதியும் போலிச் சைகை) ஏறத்தாழ இரட்டிப்பாகும். வேலூரின் ஏப்ரல் இரவுகளில் இது சிறிய தொல்லை அல்ல. ஆகவே லென்ஸை மூடி எடுக்கும் இருட்படங்களை அந்தந்த இரவிலேயே, அரை மணிக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். சென்ற வாரத்து இருட்படம் உதவாது. மின்குளிர்ப்பி பொருத்திய கேமரா இதைத் தீர்க்கும், ஆனால் ஈரக்காற்றில் குளிர்ந்த கண்ணாடியின் மேல் பனித்துளி படியும்; சிலிக்கா ஜெல் பையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இருட்படத்தைக் கழித்தபின், அடுத்தடுத்த இருபது முப்பது படங்களின் இடைநிலை மதிப்பைக் கணக்கிட்டு, அதை ஒவ்வொரு படத்திலிருந்தும் கழிக்க வேண்டும். எல்லாப் படங்களிலும் உள்ளது மறையும், ஒன்றில் மட்டும் உள்ளது எஞ்சும். காவலூரில் 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியால் 1988-இல் ஆர். ராஜமோகன் கண்டறிந்த 4130 ராமானுஜன் சிறுகோளும், விண்மீன்களிடையே இடம் மாறியதைப் படங்களில் கண்டே பிடிக்கப்பட்டது. நம் வேலையில் இடமாற்றம் மணிக்கணக்கில் அல்லாமல் மில்லிநொடியில் நடக்கிறது, அவ்வளவே வேறுபாடு. எஞ்சிய படத்தில் நேர்கோடுகளைத் தேட ஹஃப் உருமாற்றம் என்னும் கணித முறை போதும். மங்கிய துண்டுகளுக்கு, ஊகித்த திசையிலும் வேகத்திலும் படங்களை நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டும் முறை உண்டு. துண்டின் ஒளி ஓரிடத்தில் சேர, பின்புல இரைச்சல் தணியும்.

சென்னை, பெங்களூரு விமானங்களும் கோடு போடும். அவற்றின் கோடுகளில் சீரான இடைவெளியில் விளக்கு மின்னும். விண்மீன்களைக் கொண்டு படத்தின் இடத்தைக் கணிக்க ஆஸ்ட்ரோமெட்ரி.நெட் மென்பொருள் உதவும். கிடைத்த இடத்தையும் நேரத்தையும் பட்டியலோடு ஒப்பிடும்போது, பொதுச் சுற்றுப்பாதைத் தரவே ஒரு கிலோமீட்டர் அளவுக்கும் அதற்கு மேலும் பிழை கொண்டது என்பதை மனத்தில் கொள்ளவும். பட்டியலில் இல்லாதது என்று முடிவு கட்டுவதற்கு முன் புதிய தரவை இறக்கி மறுபடி ஒப்பிட வேண்டும்.

நிறமும் நிழலும்

அண்மை அகச்சிவப்பிலும் நாம் பார்ப்பது எதிரொளிதான் என்பதால், மேலே சொன்ன அளவுச் சிக்கல் இதனால் தீராது. பிரகாசத்தைக் கொண்டு விட்டத்தைச் சொல்லும் எவரும் எதிரொளித்திறனை ஊகித்தே சொல்கிறார். ஆனால் பொருளின் தன்மை குறித்து நிறம் ஓரளவு பேசும். பொன்னிறக் காப்புறைத் தாள் நீலத்தில் மங்கியும் அகச்சிவப்பில் பளிச்சென்றும் இருக்கும். வெள்ளைப் பூச்சு இரண்டிலும் அவ்வளவு வேறுபடாது. இதை அளக்க ஒரே கேமராவில் வடிகட்டியை மாற்றி மாற்றிப் போடுவது பயன்படாது, ஏனெனில் உருளும் துண்டின் பிரகாசம் சில நொடிகளுக்குள்ளேயே பலமடங்கு ஏறி இறங்கும். ஒரே தட்டில் இரண்டு கேமராக்களைப் பூட்டி, ஒன்றில் நீல வடிகட்டியும் மற்றதில் அகச்சிவப்பு வடிகட்டியும் வைத்து, ஒரே துடிப்பில் இயக்க வேண்டும். சூரியனை ஒத்த நிறமுள்ள விண்மீன்கள் அதே படத்தில் இருந்தால் அவற்றை அளவுகோலாகக் கொள்ளலாம்.

கருவி பழகியபின் செய்யத்தக்க ஒரு நல்ல அளவீடு மார்ச் 21-ஐ ஒட்டிய இரவுகளில் வாய்க்கிறது. அந்நாட்களில் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் பூமியின் நிழலுக்குள் அதிகபட்சம் 72 நிமிடம் வரை மறைகின்றன. 83 பாகையில் உள்ளவற்றுக்கு அது நமது கடிகார நள்ளிரவை ஒட்டி, இரவு 11.30 அளவில் தொடங்கும். எக்ஸ்போஷரை 1 நொடியாகக் குறைத்து, மறையும் கணத்தின் ஒளிவீழ்ச்சியை இரண்டு நிறங்களிலும் பதிவு செய்ய வேண்டும். நிழலின் விளிம்பில் வளிமண்டலம் நீலத்தைச் சிதறடித்துச் சிவப்பை வளைத்து அனுப்புவதால், நீலக் கேமராவில் கோள் முன்னதாக அணையும், அகச்சிவப்பில் சற்றே தாமதமாக அணையும். இந்த இடைவெளி உங்கள் படங்களில் தெளிவாகக் கிடைத்தால் நேரமுத்திரையும் இரு கேமராக்களின் ஒத்திசைவும் சரியாக இருக்கின்றன என்று பொருள், கிடைக்காவிட்டால் ஜி.பி.எஸ். இணைப்பிலிருந்து சோதிக்கத் தொடங்கவும். செப்டம்பர் 23-ஐ ஒட்டியும் இதே நிகழ்வு உண்டு என்றாலும் அம்மாதத்து மேகத்தை நம்பித் திட்டமிட முடியாது.